தங்கவயலின் காலை ரயில்

1902-இல் சிவசமுத்திரம் அருவியில் பிறந்த மின்சாரம் முதலில் பெங்களூருக்குப் போகவில்லை. ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கோலார் தங்கவயலுக்குக் கொண்டுபோனார்கள். பெங்களூர்த் தெருக்களில் விளக்கெரிய 1905 ஆயிற்று. பிழைப்புத் தேடியவர்கள் அன்று வந்து இறங்கிய ஊர் தங்கவயல்தான்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தில் கால்வைத்தபின் வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள். கம்பெனி அவர்களுக்குக் கொடுத்தது கூலியும் ‘லைன்’ வீடும். மற்றதை அவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள். அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் இங்கே வேர்பிடித்தது. அவர் நூல்களைத் தங்கவயல் சித்தார்த்த புத்தகசாலை வெளியிட்டது. நாள் முழுக்கப் பாறை உடைத்தவர்கள் சங்கம் வைத்தார்கள், வாசித்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். தமிழ் அறிவுலக வரலாற்றில் இந்த ஊருக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

அறிவியலும் இங்கே நடந்தது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிஞர்கள் ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிஞர்களோடு சேர்ந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தை 1965-இல் பதிவு செய்தார்கள்.

இத்தனை இருந்தும் ஊர் ஒரே முதலாளியை நம்பி நின்றது. 1960-களில் வந்த பாரத் எர்த் மூவர்ஸ் ஆலையைத் தவிர, படித்த பிள்ளைகளை ஏற்கும் பெரிய தொழில் எதுவும் வேரூன்றவில்லை. சுரங்கம் அரசுடைமையான பிறகும் இந்தக் குறை தீரவில்லை. தங்கம் குறைவதும் செலவு கூடுவதும் பல்லாண்டுகளாகத் தெரிந்த சங்கதி. மாற்றுக்கு வழி தேட அந்த அவகாசம் போதுமாயிருந்தது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது.

இப்போது தங்கவயலின் மாரிக்குப்பம் நிலையத்தில் கிளம்பும் விடியற்கால ரயில்கள் ஊரின் இளமையை அள்ளிக்கொண்டு போகின்றன. பெங்களூர் சுமார் 100 கிலோமீட்டர். பொறியாளர், செவிலியர், கடை ஊழியர், காவலாளி என ஆயிரக்கணக்கானோர் போய் இரவில் திரும்புகிறார்கள். அங்கே வீட்டு வாடகை கட்டுப்படியாகாததும், பெற்றோரை விட்டுப் பிரிய மனம் வராததும் அவர்களை இந்த ஊரில் இன்னும் நிறுத்திவைத்திருக்கின்றன. ரயில் வசதியை மட்டும் கூட்டுவது தீர்வாகாது.

சுரங்கத்தை நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் வசம் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் இருக்கிறது. லைன் வீடுகளுக்கு உரிமைப் பட்டா, அந்த நிலத்தில் பட்டறைகள், தொழிற்பயிற்சி நிலையங்கள், ஆய்வுக்கூடங்கள்: இவற்றை மத்திய அரசும் கர்நாடக அரசும் சேர்ந்து இந்தத் தலைமுறை ஊரைவிட்டுப் போய்விடுமுன் செய்துகொடுக்க வேண்டும்.