சங்கொலியும் உடற்கடிகாரமும்

ஒரே வீட்டில் பிறந்த இருவருள் ஒருவன் வைகறையில் எழுந்து படிக்கின்றான்; மற்றவனுக்கோ விளக்கு வைத்த பின்னரே அறிவு தெளிகின்றது. பின்னவனைச் சோம்பேறி என்று கூறுதல் முறையாகுமா? இவ்வினாவிற்குத் திருப்பூர் வட்டாரத்தின் வரலாறு ஓரளவு விடை தருகின்றது.

ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாக வகுத்தனர் பண்டைத் தமிழர். நொய்யற் கரை உழவரும் ஞாயிற்றின் போக்கை நோக்கியே தொழில் செய்தனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருப்பூரில் பனியன் தொழில் தோன்றியது. 1930களில் பைகாரா நீர்மின்சாரம் கொங்கு நாட்டிற்கு வந்தது; நூற்பாலைகள் பெருகின. மின்விளக்கு இரவையும் பகலாக்கிற்று. அன்று முதல் பலரைத் துயிலெழுப்பியது கதிரவன் அன்று, ஆலைச் சங்கே.

சட்டம் வேலை நேரத்தைப் படிப்படியாகக் குறைத்தது. நெசவாலைகளில் ஆடவர்க்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி என்றது 1911ஆம் ஆண்டுச் சட்டம். ஒன்பது மணி, வாரத்திற்கு 48 மணி என்றது 1948ஆம் ஆண்டுச் சட்டம். ஆயினும் எத்தனை மணி என்று அளந்த சட்டம், எவர்க்கு எப்பொழுது பொருந்தும் என்று ஆராயவில்லை. பனியன் கம்பெனிகளில் 'ஒன்றரை ஷிப்டு' என்னும் பன்னிரண்டு மணி நேர வேலையும் வழக்கமாயிற்று.

அவ்வாராய்ச்சியை அறிவியல் மேற்கொண்டது. 1976இல் ஹார்ன், ஆஸ்ட்பெர்க் என்னும் இருவர் பத்தொன்பது வினாக்களால் காலை இயல்பினரையும் மாலை இயல்பினரையும் பிரித்தறிய வழி கண்டனர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சந்திரசேகரன் உயிர்களின் நாட்கடிகாரத்தை ஆராய்ந்தார். அக்கடிகாரத்தை இயக்கும் மரபணுக்களை ஆய்ந்த மூவருக்கு 2017இல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

இவற்றால் நாம் அறிவன யாவை? மக்களுட் பெரும்பாலோர் இரு முனைகட்கும் இடைப்பட்டவரே. இவ்வியல்பிற்கு மரபும் வயதும் காரணமாகும். இளமையில் உறக்கம் பின்தள்ளிப் போகும். முதுமையில் முன்னே வரும். காலை இயல்பினரிடம் ஒழுங்குணர்ச்சி சற்று மிகுதி என ஆய்வுகள் கூறினும், அத்தொடர்பு சிறிதே; அதுகொண்டு எவருடைய குணத்தையும் அளந்துவிட இயலாது.

இரவு ஷிப்டு முடித்துப் பகலில் உறங்கும் தொழிலாளியின் உடல் அக்கடிகாரத்தோடு போராடுகின்றது. போராட்டத்தின் கடுமை ஆளுக்கு ஆள் வேறுபடும். எனவே, மாணவர்களே, பகலில் உறங்கும் அண்டை வீட்டுத் தொழிலாளியைக் காணும்போது உங்கள் குரலைச் சற்றே தாழ்த்துங்கள். சங்கு எல்லோர்க்கும் ஒன்றாக ஒலிக்கலாம். கேட்கும் உடல்கள் ஒன்றல்ல.