சட்டமும் சனதும்

எழுத்தோவியத்தையோ வண்ண ஓவியத்தையோ சூழ்ந்து நிற்கும் சட்டம் வெறும் அலங்காரமன்று, அது காப்புமாகும். ஆயினும் கலை வரலாறு எழுதுவோர் சட்டத்தினுள் இருப்பதைப் பற்றிப் பேசும் அளவுக்குச் சட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு பொருளை அளந்து அதற்கென்றே செய்யும் சட்டத்தையும், ஒரே அளவில் நூற்றுக்கணக்கில் செய்து குவிக்கும் சட்டத்தையும் ஒப்பிட்டு நோக்குவது பயனுடையது என நாம் கருதுகிறோம்.

முஸ்லிம் நாடுகளில் சட்டம் முதலில் தாளிலேயே அமைந்தது. பல தாள்களை ஒட்டி உருவாக்கும் தடித்த தாளை இந்திய ஓவியர் 'வஸ்லி' என்பர். இணைத்தல் எனப் பொருள்படும் 'வஸ்ல்' என்னும் அரபுச் சொல்லே இதன் மூலம். எழுதுபவர் ஒருவர், கோடிடுபவர் ஒருவர், பொன் தீட்டுபவர் ஒருவர், பக்கத்தை ஒட்டி ஓரம் அமைப்பவர் ஒருவர் எனப் பணி பகுக்கப்பட்டிருந்தது. பேரரசர் ஜஹாங்கீருக்காக உருவான குல்ஷன் தொகுப்பு இன்று தெஹ்ரானின் குலிஸ்தான் அரண்மனை நூலகத்தில் உள்ளது. அதன் ஓரச் சித்திரங்களே தனித்து ஆராயத்தக்க கலையாகும்.

தனிவேலையின் உச்சத்தை இஸ்தான்புலின் அயா சோபியாவில் காணலாம். 1847 முதல் 1849 வரை நடைபெற்ற திருப்பணியின்போது காழி அஸ்கர் முஸ்தபா இஸ்ஸத் எபெந்தி எழுதிய எட்டு வட்டப் பலகைகள் அங்கே மாட்டப்பட்டன. ஒவ்வொன்றின் விட்டமும் ஏறத்தாழ 7.5 மீட்டர். அக்கட்டடம் அருங்காட்சியகமாக்கப்பட்டபின் அவற்றை இறக்கியவர்கள், வாயில் வழியே வெளியே கொண்டுசெல்ல இயலாமற் போயினர். பிற்காலத்தில் அவை மீண்டும் மேலேற்றப்பட்டன. அந்த இடத்துக்கென்றே செய்யப்பட்டவை வேறிடம் செல்ல மறுத்தன போலும்!

நம் தமிழகத்துத் தஞ்சாவூர் ஓவியமும் இவ்வகையினதே. பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடிப் பூச்சிட்டு, பொன் தகடும் கண்ணாடிக் கற்களும் பதிக்கும் அவ்வோவியம் கனமானது. அதன் மேற்பரப்பு மேடுபள்ளமானது. அக்கனத்தையும் ஆழத்தையும் தாங்கும் சட்டத்தை அளவறிந்தே செய்தாக வேண்டும்.

1796ஆம் ஆண்டளவில் செனபெல்டர் கண்ட கல்லச்சு முறை இந்நிலையை மாற்றியது. 1894இல் இரவிவர்மா பம்பாயில் அச்சகம் நிறுவினார். பின்னர், கோவில்பட்டியில் வாழ்ந்து 1976இல் மறைந்த கொண்டையராஜுவின் ஓவியங்களைச் சிவகாசி அச்சகங்கள் நாட்காட்டிகளாக நாடெங்கும் அனுப்பின. ஆண்டு முடிந்ததும் படத்தை வெட்டிக் கண்ணாடி போட்டு மாட்டுவது வழக்கமாயிற்று. படங்கள் ஓரளவாக வந்ததால் சட்டங்களும் ஓரளவாயின. அறுக்கும் கருவியை ஒருமுறை 45 பாகையில் பொருத்திவிட்டால் நூறு சட்டங்களின் மூலைகளை அறுக்கலாம். கண்ணாடியும் சேதாரமின்றி வெட்டுப்படும். விலை குறைந்ததன் காரணம் இதுவே.

இதனை இழிவென நாம் கருதவில்லை. தேவதானப்பட்டி முதல் கம்பம் வரை, எளிய முஸ்லிம் இல்லங்களின் சுவர்களில் மக்கா, மதீனா படங்களும் ஆயத்துல் குர்ஸியும் இடம்பெறச் செய்தது தொகைவேலையே. அரண்மனைக்குரியதாயிருந்த எழுத்தழகு உழைப்பாளியின் வீட்டுக்கு வந்தது சிறிய செய்தியன்று.

ஆனால் பாட்டனார் பெற்ற சனதையும் அதே மலிவான சட்டத்தில் இடும்போதுதான் இழப்பு நேர்கிறது. மரக்கூழ் அட்டையிலுள்ள அமிலம் தாளைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்யும். தாளும் கண்ணாடியும் ஒட்டியிருப்பின், மழைக்கால ஈரம் இடையில் தங்கிப் பூஞ்சை படரும். பழைய புகைப்படமாயின் கண்ணாடியோடே ஒட்டிக்கொள்ளும். வெயிலால் மை வெளிறும். தனிவேலை செய்வோர் அமிலமற்ற பருத்தி அட்டையைப் பின்னே வைத்து, நடுவில் திறப்புள்ள மற்றோர் அட்டையால் கண்ணாடியைத் தாளிலிருந்து விலக்குவர். மூலத்தாளைப் பசையால் ஒட்டமாட்டார்.

ஆகவே, எது உயர்ந்தது என்னும் வினாவினும், உள்ளிருக்கும் பொருள் மீண்டும் கிடைக்கக்கூடியதா என்னும் வினாவே முதன்மையானது. அச்சுப்படம் பழுதானால் மற்றொன்று வாங்கலாம். ஓர் உஸ்தாத் தம் கைப்பட எழுதி, தமக்குக் கற்பித்தோரின் பெயர்வரிசையோடு அளித்த இஜாஸா அழிந்தால், அத்தொடருக்கு அவ்வூரில் இருந்த ஒரே எழுத்துச் சான்றும் அழியக்கூடும். செய்நேர்த்தியை அரபியர் 'இத்கான்' என்பர். அது விலையுயர்ந்த மரத்தில் இல்லை. பொருளறிந்து செய்வதில் உள்ளது. தனிச்சட்டத்துக்கு வசதியில்லாதோர் சனதின் நகலைக் கடைச் சட்டத்தில் மாட்டி, மூலத்தை அமிலமற்ற தாளுறையில் ஈரமும் வெயிலும் படாது வைத்தலே போதுமானது.