சென்டோஸ் கைவிட்டபோது

2004இல் வந்த சென்டோஸ் இயங்குதளம், ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸின் மூல நிரலிலிருந்தே கட்டப்பட்டது, சந்தா கிடையாது. எங்களைப் போன்ற சிறு நிறுவனங்களின் சர்வர்கள் அதில்தான் ஓடின. 2014இல் ரெட் ஹேட் நிறுவனமே அதைத் தன் குடைக்குள் சேர்த்துக்கொண்டது. எனக்கு அப்போதே உறுத்தல்தான்.

2020 டிசம்பர் 8 அன்று அறிவிப்பு வந்தது: 2029 வரை ஆதரவு உண்டென்று நம்பியிருந்த சென்டோஸ் 8, 2021 முடிவோடு நிற்கும். "பேசாமல் உபுண்டுவுக்குப் போயிடலாமே" என்றார் முதலாளி. போகலாம். ஆனால் மென்பொருள் நிறுவும் யம் கட்டளைகளை நம்பி எழுதிய ஸ்கிரிப்டுகளையும் எஸ்இலினக்ஸ் பாதுகாப்பு விதிகளையும் யார் மாற்றி எழுதுவது? சந்தாவைக் கணக்குப் போடுபவர்கள் எங்கள் ராத்திரிகளைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

2021 மார்ச்சில் சென்டோஸுக்கு மாற்றாக அல்மாலினக்ஸ் வந்தது. ஜூனில், சென்டோஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்சரின் ராக்கி லினக்ஸ். இருக்கும் சர்வரை அப்படியே மாற்ற அல்மா ஒரு ஸ்கிரிப்ட் தந்தது. சோதனை சர்வரில் முதலில் ஓட்டினோம். கணக்குப் பிரிவின் சர்வரைக் கடைசிக்கு வைத்தோம்.