ஹாக்கன் துப்பாக்கி

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ராக்கி மலைக்குப் புறப்பட்ட வேட்டைக்காரர்கள், வாய்வழியாகக் குண்டேற்றும் ரைபிள் ஒன்றைத் தேர்ந்து வாங்க வேண்டியிருந்தது. பென்சில்வேனியாவின் நீள்குழல் ரைபிள் மானுக்குப் போதும். குதிரைமேல் கொண்டுசெல்ல இடைஞ்சல், காட்டெருமைக்கும் கிரிஸ்லி கரடிக்கும் அதன் சிறு குண்டு பற்றாது. செயின்ட் லூயிஸ் நகரில் ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் செய்த ரைபிளில் குழல் குட்டை, கனம் அதிகம். குண்டின் விட்டம் ஏறத்தாழ அரை அங்குலம். மறுபடி மருந்திட்டுக் குண்டைத் தள்ள அரை நிமிடமாவது ஆகும். கரடி அதுவரை காத்திராது. கேப் வைத்துச் சுடும் விசை மழையிலும் பெரும்பாலும் வெடிக்கும். ஆனால் கேப் தீர்ந்துவிட்டால் மலையில் கிடைக்காது. சிலர் பழைய தீக்கல் விசையை விடாதது அறியாமையால் அல்ல. 1849இல் ஜேக்கப் காலராவில் இறந்தார். 1862இல் பட்டறை கைமாறியது.