பலகை விளையாட்டு விதிகளும் பதிப்புரிமையும்

பலகை விளையாட்டு ஒன்றை ஆடும் முறைக்கு இந்தியாவில் பதிப்புரிமை கிடையாது. அம்முறையை விளக்கும் எழுத்துக்கும் அதற்காக வரைந்த ஓவியத்துக்கும் உண்டு. பதிப்புரிமைச் சட்டம் (1957) காப்பது கருத்தை அல்ல, அதன் வெளிப்பாட்டை என்று ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் (1978) உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. காப்புரிமைச் சட்டத்தின் (1970) 3(எம்) பிரிவும் விளையாடும் முறையைக் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை.

இதில் முதன்மையான வழக்கு ‘ஸ்க்ராபுலஸ்’ பற்றியது. கொல்கத்தாவின் ரஜத், ஜெயந்த் அகர்வாலா சகோதரர்கள் ஸ்க்ராபிளை ஒத்த சொல்லாட்டத்தை இணையத்தில் இலவசமாக வெளியிட்டனர். ஃபேஸ்புக்கில் அது பெரும் புகழ் பெற்றது. வட அமெரிக்காவுக்கு வெளியே ஸ்க்ராபிளின் உரிமையாளரான மேட்டல் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. நீதிபதி எஸ். ரவீந்திர பட் 2008 செப்டம்பரில் அளித்த இடைக்கால உத்தரவு இரு தரப்புக்கும் பாதி வெற்றி. பலகையின் வண்ணக் கட்டங்கள் விதிகளோடு பிரிக்க முடியாதபடி இணைந்தவை. அவற்றுக்கு உரிமை தந்தால் விளையாட்டையே ஒருவருக்கு எழுதிக்கொடுத்ததாகிவிடும் என்பதால் பதிப்புரிமைக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஆனால் ‘ஸ்க்ராபிள்’ வணிகச்சின்னம் என்பதால் அதை ஒத்த பெயருக்குத் தடை விழுந்தது. விளையாட்டு பின்னர் ‘லெக்ஸுலஸ்’ ஆனது. காசு வாங்கவில்லை என்பது பெயரைக் காப்பாற்றவில்லை. இலவச விளையாட்டு செய்வோர் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இதுவே.

தருமபுரி மாவட்டம் கடத்தூரில் ஒருவர் தாயத்தையோ, மூன்று புலியும் பதினைந்து ஆடும் மோதும் ஆடுபுலி ஆட்டத்தையோ கைப்பேசிச் செயலியாக்கினால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அவை தலைமுறைகளின் பொதுச்சொத்து. பரமபதத்தில் சற்றுக் கவனம் தேவை. ஆட்டம் பழையது, ஆனால் கடையில் வாங்கிய பலகையில் இன்றைய ஓவியர் வரைந்த பாம்பும் ஏணியும் அவருடையவை. அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அந்த உரிமை நீடிக்கும். ஸ்க்ராபிள் கட்டங்களுக்குச் சொன்ன வாதம் இத்தகைய சித்திரங்களுக்கு எளிதில் பொருந்தாது. படத்தைப் புதிதாக வரைந்துகொள்வதும், விதிகளைச் சொந்த நடையில் எழுதுவதுமே பாதுகாப்பு.

விதி நூலின் வாசகமே தேவைப்படுவோருக்குத் திறந்த உரிமம் உதவும். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் வெளியீட்டாளர்களான விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் 2000இல் தந்த திறந்த விளையாட்டு உரிமத்தை 2023 ஜனவரியில் மாற்ற முயன்றபோது, ஆட்டக்காரர்களும் சிறு பதிப்பாளர்களும் கடுமையாக எதிர்த்தனர். அதே மாதத்தில் நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் இலவசப் படைப்பிலும் விற்பனைப் படைப்பிலும் அந்த வாசகத்தைப் பயன்படுத்தலாம்.