குடிநீர் வரியும் கழிவுநீர்க் கட்டணமும்: யார் செலவு, யார் கணக்கு?



நினைவுச் சொற்பொழிவு என்றால் பெரிய பொருளாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு ரசீது. சென்னையில் வீட்டு உரிமையாளர்கள் அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் குடிநீர், கழிவுநீர் வரி ரசீது.

ஒரு நகரம் தன் குடிநீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் ஆகிற செலவைக் கட்டணமாகவே வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பது இப்போது எல்லா அரசுகளும் ஏற்றுக்கொண்ட கொள்கை. இதை எதிர்த்துப் பேச வரவில்லை. குழாய் துருப்பிடிக்கும், மோட்டார் எரியும், மின்கட்டணம் கட்ட வேண்டும். பணம் எங்கிருந்தாவது வந்துதான் ஆக வேண்டும். எது செலவு என்று யார் முடிவு செய்தார்கள் என்பதில்தான் நமக்கு வழக்கு. அந்த வழக்குக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

சென்னைக்குக் குழாய்த் தண்ணீர் வந்த கதையைப் பெருமையாகச் சொல்வார்கள். 1772இல் ஏழு கிணறு வெட்டிக் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1872இல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் நகருக்குள் வந்தது. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளோடு நீரேற்று நிலையம் திறக்கப்பட்டது. மாநகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மேட்லியின் பெயர் இன்றும் மேட்லி சாலையில் நிற்கிறது. 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம் சொத்து வரியின் ஓர் உறுப்பாகக் குடிநீர், வடிகால் வரியை வைத்தது. கட்டடத்தை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன கிடைக்குமோ அதுதான் ஆண்டு மதிப்பு. அதில் இத்தனை விழுக்காடு வரி. இங்கிலாந்தின் நகரங்களிலிருந்து வந்த முறை இது.

முறை நல்ல முறைதான். மாளிகைக்காரர் கூடுதலாகவும் ஓட்டு வீட்டுக்காரர் குறைவாகவும் கட்டுவார்கள். ஆனால் அந்த விழுக்காட்டைத் தீர்மானித்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். அன்று நகராட்சித் தேர்தலில் வாக்குரிமை சொத்தோடும் வரியோடும் கட்டப்பட்டிருந்தது. வரி கட்டுகிறவரே வாக்காளர், அவரே கவுன்சிலர். சேரிக் குடிசைக்கு மதிப்பீடு இல்லை, அதனால் வரி இல்லை, அதனால் வாக்கும் இல்லை. தங்கள் வரியைத் தாங்களே நிர்ணயித்துக்கொண்ட இந்தக் கூட்டத்துக்கு வரியைக் குறைவாக வைத்திருக்க ஒரு வழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுப்புக் கக்கூஸ்களிலிருந்து மலத்தைக் கூடையில் அள்ளித் தலையில் சுமக்க, பிறப்பாலேயே அந்த வேலைக்கென்று ஒதுக்கப்பட்ட மக்கள் இருந்தார்கள். ஆவணங்கள் அவர்களைத் தோட்டி என்று எழுதின. அள்ளிய மலம் உரமாக விற்கப்பட்டு நகராட்சிகளின் வரவில் ஒரு இனமாகச் சேர்ந்தது. அள்ளியவரின் நோயும் அவர் இழந்த ஆயுளும் செலவில் ஒரு இனமாகச் சேரவில்லை. நகரத்தின் முதல் மானியத்தைக் கொடுத்தது அரசாங்கம் அல்ல, இந்த மக்கள்.

இங்கே மகாடை நினைத்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும். 1923இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ். கே. போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுப் பணத்தில் கட்டப்பட்டுப் பராமரிக்கப்படும் நீர்நிலைகள் அனைத்தையும் தீண்டப்படாதார் பயன்படுத்தலாம் என்றது. அடுத்த ஆண்டு மகாட் நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தானும் ஒரு தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் நடந்துபோய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்த பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. அதற்காக அடியும் வாங்கினார்கள். பத்தாண்டு வழக்கு நடந்து 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

இந்தக் கதையில் ஒரு சொல்லை மட்டும் நாம் பிடித்துக்கொள்வோம்: பொதுப் பணம். ஒரு குளத்தின் மீது நமக்கு உரிமை உண்டு என்பதற்கு அன்று எடுத்துவைக்கப்பட்ட ஆதாரம் அதுதான். நீ தனியாகக் காசு கொடுத்தாயா என்று அங்கே கேள்வி இல்லை. பொதுவில் கட்டியது, ஆகவே எல்லோருக்கும் உரியது. பிற்காலத்தில் பயனாளி கட்டணம் என்ற சொல் வந்தபோது, நமக்குத் தெரியாமலே இந்த ஆதாரத்தின் அடியில் மண் அரிக்கத் தொடங்கியது.

1978இல் தனிச் சட்டம் போட்டுச் சென்னைக் குடிநீர் வாரியத்தை மாநகராட்சியிலிருந்து பிரித்தார்கள். உலக வங்கிக் கடன் நகரத்துக்குள் வந்துகொண்டிருந்த காலம் அது. தனிக் கணக்கு, தனி வரவு செலவு. வரி ஆண்டு மதிப்பில் 7 விழுக்காடு. அதற்கு மேல் பயன்பாட்டுக் கட்டணம். 1987ஆம் ஆண்டின் தேசிய நீர்க் கொள்கை, தண்ணீர்க் கட்டணம் பராமரிப்பு, இயக்கச் செலவுகளையும் நிலையான செலவில் ஒரு பகுதியையும் ஈடுகட்ட வேண்டும் என்றது. 1992இல் டப்ளினில் கூடியவர்கள் தண்ணீரைப் பொருளாதாரப் பண்டம் என்று அறிவித்தார்கள். 2005 டிசம்பரில் தொடங்கிய ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தில் பணம் வேண்டுமானால், இயக்கப் பராமரிப்புச் செலவு முழுவதையும் ஏழு ஆண்டுக்குள் கட்டணமாக வசூலித்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை வந்தது.

இதே காலத்தில் வரியின் பக்கம் என்ன நடந்தது? சென்னையில் சொத்து வரிக்கான பொதுச் சீராய்வு 1998இல் நடந்தது. அடுத்தது 2022இல். இடையில் 2018இல் உயர்த்திய வரியை அடுத்த ஆண்டே திரும்பப் பெற்றார்கள். இந்தக் காலத்தில் நகரத்தின் மனை விலை எத்தனை மடங்கு ஏறியது என்று உங்களுக்கே தெரியும். ஆண்டு மதிப்பு அசையாமல் நின்றால் அதன் மேல் போடப்படும் 7 விழுக்காடும் அசையாது. சொத்துள்ளவர் கட்ட வேண்டிய வரி தூங்கிக்கொண்டிருந்தது. பயன்படுத்துகிறவர் கட்ட வேண்டிய கட்டணம் பற்றித்தான் கருத்தரங்குகள் நடந்தன. மானியத்தால் வாரியம் நட்டப்படுகிறது என்று பேசியவர்கள் இந்த மானியத்தைப் பற்றிப் பேசியதாக நமக்கு நினைவில்லை.

ஆலந்தூரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகர நிர்வாகப் பாடம் படித்த மாணவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1990களின் இறுதியில், அப்போது தனி நகராட்சியாக இருந்த ஆலந்தூர், பாதாளச் சாக்கடைக்காக மக்களிடமே முன்வைப்புத் தொகை வாங்கியது. ஒரு வீட்டுக்கு 5,000 ரூபாய். தெருத்தெருவாகக் கூட்டம் போட்டு, குடியிருப்போர் சங்கங்களைப் பேச வைத்து வசூலித்தார்கள். மீதிக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடன். சுத்திகரிப்பு நிலையம் தனியாரிடம். திட்டம் நிறைவேறியது. செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்த தெருக்களில் அது பெரிய மாற்றம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். நாட்டின் பல ஊர்களுக்கு அது முன்மாதிரியாகக் காட்டப்பட்டது.

ஆனால் 5,000 ரூபாய் என்பது சொந்த வீட்டுக்காரரை மனதில் வைத்துப் போட்ட தொகை. நிலத்துக்குப் பட்டா இல்லாதவர், ஒண்டுக் குடித்தனக்காரர், புறம்போக்கில் இருப்பவர் இந்தக் கணக்கில் எங்கே நிற்பார்கள்? முன்பணம் கட்டுகிறவரே பங்காளி என்றாகும்போது, மகாடில் நாம் பிடித்துக்கொண்ட அந்தப் பொதுப் பணம் வீட்டுக்கார்கள் சேர்ந்து போட்ட சீட்டுப் பணம் போல ஆகிவிடுகிறது. இணைப்பு உரிமையாகக் கிடைப்பது போய், சந்தாவாகக் கிடைக்கிறது.

கட்டணம் குறைவாக இருந்தால் ஏழைக்கு நல்லது என்று நம் பக்கத்திலும் பலர் நினைக்கிறோம். இணைப்பே இல்லாதவருக்குக் குறைந்த கட்டணத்தால் ஒரு குடம் தண்ணீரும் வராது. லாரிக்குக் காத்திருக்கும் பெண் கொடுக்கும் விலை அவளுடைய அரைநாள் கூலி. ஆகவே இலவசம் என்ற ஒற்றைச் சொல்லில் நாம் நின்றுவிட முடியாது. அதே வேளையில், அளந்து விற்பதும் நியாயம் ஆகிவிடாது என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சாட்சி. நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு அந்த நாட்டின் அரசமைப்பே தண்ணீரை உரிமையாக எழுதி வைத்தது. 2001 முதல் ஒரு குடும்பத்துக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம். ஆனால் ஜோகன்னஸ்பர்க் நகரம், சொவேட்டோவின் ஃபிரி பகுதியில் 2004இல் முன்கட்டண மீட்டர்களைப் பொருத்தியது. இலவச அளவு தீர்ந்ததும் குழாய் தானாக நின்றுவிடும். முன்பு வெள்ளையர் வாழ்ந்த வசதியான பகுதிகளில் மீட்டர் கடனுக்கு ஓடியது. பாக்கி இருந்தால் முதலில் நோட்டீஸ் வரும். ஃபிரியில் ஒரே மனையில் பல குடும்பங்கள். 6,000 லிட்டர் என்பது தலைக்கு எண்ணியது அல்ல, இணைப்புக்கு எண்ணியது. ஆள் கூடக்கூட ஏழைக்குத்தான் முதலில் தீரும். நம் ஊரில் ஒரே குழாயில் ஆறேழு குடும்பம் பிடிக்கும் லைன் வீடுகளுக்கு மீட்டர் வந்தால் இதுவேதான் நடக்கும். ஃபிரி மக்கள் வழக்குப் போட்டார்கள். 2008இல் உயர்நீதிமன்றம் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்றது; 2009 அக்டோபரில் அரசமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்து மாநகராட்சியின் பக்கம் நின்றது.

இனி, பூமிக்கு அடியில் இருக்கும் செலவுக்கு வருவோம்.

சென்னை தட்டையான ஊர். சாக்கடை தானாக ஓட வேண்டிய சரிவு இங்கே கிடையாது. இடையிடையே நீரேற்று நிலையம் வைத்துத் தள்ள வேண்டும். ஓட்டம் மெதுவாக இருப்பதால் மண்ணும் கசடும் குழாயின் அடியில் படியும். பழைய குழாய்கள் குறுகலானவை, மக்கள் தொகையோ பல மடங்கு. ஆகவே அடைப்பு என்பது இங்கே எப்போதோ நடக்கும் விபத்து அல்ல. குழாய் போட்ட நாளிலேயே எதிர்பார்க்க வேண்டிய அன்றாடச் செலவு அது. மூங்கில் பட்டையால் குத்தி, முடியாதபோது மூடியைத் திறந்து ஆளை இறக்கி எடுத்தார்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு. ஒருவர் மயங்கினால் காப்பாற்றப் போனவரும் மயங்குவார். செய்தித்தாள்களில் இருவர், மூவர் என்று நாம் படிப்பதன் காரணம் இதுதான்.

1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். 2014 மார்ச் 27 அன்று, சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில், 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் அதை 30 லட்சமாக்கியது. இறப்புகளின் அதிகாரபூர்வப் பட்டியலில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் சட்டத்தில் ஓர் ஓட்டையும் உண்டு. பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவதையே அது அபாயகரமான வேலை என்று வரையறுக்கிறது. கையுறை கொடுத்ததாக ஒரு கையெழுத்து இருந்தால் ஒப்பந்தக்காரருக்குப் போதும்.

இப்போது இரண்டு கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. 25 ஆண்டு ஒப்பந்தம். ஆயிரம் லிட்டருக்கு வாரியம் கொடுக்கும் விலை 48 ரூபாய் 66 காசு என்று முடிவானது. காசு வரைக்கும் எழுதினார்கள், எழுதத்தான் வேண்டும். முதலீடு, வட்டி, மின்சாரம், இலாபம் எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு மேன்ஹோலை ஆள் இறங்காமல் சுத்தம் செய்ய என்ன ஆகும்? இயந்திரம், அதன் ஓட்டுநர், நிரந்தரப் பணியாளரின் சம்பளம், ஓய்வூதியம், ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை, இயந்திரம் நுழையாத சந்துகளில் குழாயையே மாற்றிப் போடும் செலவு. இவற்றுக்கு ஒரு விலை உண்டு, அதையும் காசு வரைக்கும் எழுத முடியும். எழுதாமல் விட்டால் அந்தத் தொகை மறைந்துபோகாது. ஒப்பந்தக் கூலியாக, ஒப்பந்தக்காரரின் கீழ் உள்ஒப்பந்தக்காரராக, கடைசியில் அருந்ததியர் குடியிருப்பில் ஒரு சவப்பெட்டியாகப் போய்ச் சேரும். கட்டணச் சீர்திருத்த அறிக்கைகள் செயல்திறன் என்று சொல்வதில் எவ்வளவு இந்தக் கணக்கு என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும். 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்கள் குப்பை அள்ளுகிறவர்கள், சாக்கடை வேலை அவர்களுடையது அல்ல. ஆனால் தனியாருக்குக் கைமாற்றுவதில் மிச்சமாவது யாருடைய சம்பளம் என்று அவர்கள் கேட்டது இதே கேள்வியைத்தான்.

நம் கோரிக்கை கட்டணத்தைக் குறை என்பதாக மட்டும் இருக்கக் கூடாது. செலவை முழுவதும் எழுது, பிறகு அதை யார் தலையில் எவ்வளவு வைப்பது என்று பேசுவோம். ஆண்டு மதிப்பை ஒழுங்காகச் சீராய்வு செய்து சொத்துள்ளவரிடம் வாங்கு. உயிர் வாழ்வதற்கான அளவை இணைப்புக்கு அல்லாமல் ஆளுக்கு எண்ணி, விலையில்லாமல் கொடு. அதற்கு மேல் புல்தரைக்கும் நீச்சல்குளத்துக்கும் ஓடும் தண்ணீருக்கு என்ன விலை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

இதற்கு மாணவர்கள் செய்யக்கூடிய வேலை இருக்கிறது. உங்கள் ஊர் நகராட்சியின் அடுத்த வரவு செலவு அறிக்கை வந்ததும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பாதாளச் சாக்கடைக் கணக்கில் நிரந்தரப் பணியாளர் எத்தனை பேர், ஒப்பந்தப் பணியாளர் எத்தனை பேர், அடைப்பு எடுக்கும் இயந்திரம் எத்தனை, அதில் ஓடும் நிலையில் உள்ளவை எத்தனை, இழப்பீட்டுத் தொகை எந்தத் தலைப்பில் காட்டப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். பதில் வந்ததும் வருவாய் உறுப்பினர்களிடம் போகும் முன் அந்த வேலையைச் செய்கிறவர்களிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். எந்த எண் பொய் என்று அவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்.