எகெர்: ஆயர்கள் கட்டிய மலையடி நகரம்

ஹங்கேரியின் வடக்கே பியூக்க் மலைத்தொடர் தெற்கு நோக்கிச் சரிந்து சமவெளியில் கால்வைக்கும் இடத்தில் எகெர் நகரம் இருக்கிறது. மேற்கே சற்றுத் தள்ளி மாத்ரா மலை. நாட்டின் மிக உயர்ந்த சிகரமான கேகெஷ் அங்கேதான். அதன் உயரம் 1,014 மீட்டர். இமயத்தைப் பாடிய மொழியில் இதைக் குன்று என்றுதான் சொல்வோம். ஆனால் எகெருக்குத் தெற்கே மேடு என்பதையே அறியாத பெருஞ்சமவெளி தொடங்குகிறது. அங்கிருந்து ஏறி வருகிறவர் கண்ணுக்கு இவை மலைகள்தாம்.

இந்த ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எந்த ஹங்கேரியரும் 1552 என்ற ஆண்டைத்தான் முதலில் சொல்வார். பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த ஆண்டு அது. அந்த முற்றுகையை நானும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் இன்று அங்கே கண்ணில் படுகிற நகரத்துக்கும் அந்த வெற்றிக்கும் நேரான தொடர்பு மிகக் குறைவு. வென்ற நகரம் பின்னால் தோற்றது, அழிந்தது, வேறு ஆட்களால் வேறு காரணங்களுக்காகத் திரும்பக் கட்டப்பட்டது. அந்தக் கட்டுமானக் கதைக்கு வீரம் இல்லை என்பதால் அதை யாரும் பாடவில்லை.

மலை இந்த ஊருக்குக் கொடுத்தவற்றை முதலில் பார்த்துவிடலாம். பியூக்க் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. மேலே பெய்யும் மழை ஓடையாகத் தங்காமல் வெடிப்புகள் வழியே உள்ளே இறங்குகிறது. ஆழத்தில் பூமியின் சூட்டை வாங்கிக்கொண்டு மலையின் காலடியில் வெதுவெதுப்பான ஊற்றாக மேலே வருகிறது. எகெர் அந்த ஊற்றுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு கொடை எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான வெளிர்நிறப் பாறை. வெட்டும்போது மென்மையாகவும், காற்றுப்பட்ட பின் உறுதியாகவும் இருப்பது அதன் இயல்பு. வீடுகளையும் கோயில்களையும் அதைக் கொண்டே கட்டினார்கள். வெட்டியெடுத்த இடத்தில் மிஞ்சிய குடைவுகளைத் திராட்சை மது வைக்கும் நிலவறைகளாக்கிக்கொண்டார்கள். வடகாற்றை மலை தடுக்க, தெற்குச் சரிவுகளில் வெயில் முழுதாக விழ, திராட்சை தானே வந்து சேர்ந்தது.

அரசர் முதலாம் இஷ்த்வான் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவிய மறைமாவட்டங்களில் எகெரும் ஒன்று. அன்று முதல் இது ஆயரின் ஊர். நிலம் ஆயருடையது. குடியானவர் ஆயரின் குடிகள். விளைந்த மதுவில் பத்தில் ஒரு பங்கு ஆயரின் நிலவறைக்குப் போனது. 1241இல் மங்கோலியர் வந்து எரித்துவிட்டுப் போன பிறகு, ஆயர் லாம்பெர்ட் அரசர் நான்காம் பேலாவிடம் அனுமதி பெற்றுக் குன்றின்மேல் கற்கோட்டை எழுப்பத் தொடங்கினார். கோட்டைக்குள் பேராலயம், பேராலயத்தைச் சுற்றி மதில். வழிபாடும் போரும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருந்த ஏற்பாடு அது. பின்னால் 1552இல் அந்தப் பேராலயமே வெடிமருந்துக் கிடங்கானது இப்படித்தான்.

1526இல் மொஹாச் போர்க்களத்தில் ஹங்கேரியின் அரசரும் படையும் அழிந்தனர். 1541இல் தலைநகர் புதா துருக்கியர் கைக்குப் போனது. நாடு மூன்றாகப் பிளந்தது. வடக்கே இருந்த சுரங்க நகரங்களுக்குப் போகும் வழியில் எகெர் ஒரு பூட்டாக நின்றது. 1552 கோடையில் தெமெஷ்வார் விழுந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் சோல்னோக்கும் விழுந்தது. அகமது பாஷாவும் புதாவின் அலி பாஷாவும் படைகளைச் சேர்த்துக்கொண்டு எகெரின் முன் வந்து இறங்கினார்கள். பழைய நூல்கள் ஒரு இலட்சத்தைத் தாண்டி எண்ணின. இன்றைய வரலாற்றாசிரியர்கள் 35,000 முதல் 40,000 வரை என்கிறார்கள். எண்ணைக் குறைத்ததால் செயல் சிறுத்துவிடவில்லை. உள்ளே இருந்தவர்கள் பெண்கள், சிறுவர், அடைக்கலம் புகுந்த குடியானவர் உட்பட ஏறக்குறைய 2,000 பேர்.

கோட்டைத் தலைவர் தொபோ இஷ்த்வான். துணைத்தலைவர் மெக்சேய் இஷ்த்வான். சரணடைவது பற்றிப் பேசுவதில்லை என்று எல்லாரும் சத்தியம் செய்தார்கள். எதிரியின் கடிதத்துக்கு மறுமொழியாக மதில்மேல் இரு ஈட்டிகளுக்கிடையே ஒரு சவப்பெட்டியை ஏற்றி வைத்தார்கள். தமிழ் இலக்கணம் மதில் காப்பதை நொச்சி என்று தனியே ஒரு திணையாக வகுத்தது. அந்தத் திணைக்கு வேண்டிய துறைகளெல்லாம் எகெரில் வரிசையாக நடந்தன. அக்டோபர் 4ஆம் நாள் பேராலயத்தில் சேர்த்து வைத்திருந்த வெடிமருந்து வெடித்தது. கட்டடமும் ஆட்களும் சிதறினர். போர்னெமிஸா கெர்கெய் என்ற இளம் அலுவலர் மிஞ்சிய மருந்தைக் கொண்டு தீக்குடங்கள் செய்தார். மரச்சக்கரத்துக்குள் வெடிமருந்தை அடைத்துத் தீமூட்டிக் கூட்டத்தின்மேல் உருட்டிவிட்டார். பெண்கள் கொதிக்கும் தாரையும் எண்ணெயையும் மதிலிலிருந்து ஊற்றினார்கள். வாயிலைத் திறந்துவிடத் திட்டமிட்ட ஹெகெதியூஷ் என்ற அலுவலர் உள்ளேயே தூக்கிலிடப்பட்டார். கடைசிப் பெருந்தாக்குதலும் முறிந்தது. குளிரும் உணவுத் தட்டுப்பாடும் பாஷாக்களின் மனக்கசப்பும் சேர்ந்துகொள்ள, அக்டோபர் 17 அளவில் துருக்கியப் படை திரும்பிப் போனது.

இங்கே கதை சொல்வோர் நிறுத்திவிடுவார்கள். அதன் பின்பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. படைக்கும் செலவுக்கும் ஹாப்ஸ்பர்க் மன்னர் ஃபெர்டினாண்டிடமிருந்து பணம் வராத சலிப்பில் தொபோவும் மெக்சேயும் பதவி விலகினார்கள். மெக்சேய் அடுத்த ஆண்டே ஒரு கலகத்தில் குடியானவர் கையால் இறந்தார். கோட்டைத் தலைமை ஏற்ற போர்னெமிஸா 1554இல் பதுங்கித் தாக்கிய துருக்கியரிடம் அகப்பட்டு, கான்ஸ்டான்டினோபிளுக்குக் கொண்டு செல்லப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். தொபோ 1569இல் அரசத் துரோகக் குற்றச்சாட்டில் போஜோன் சிறையில் அடைக்கப்பட்டார். 1572இல் வெளியே வந்தார், அதே ஆண்டு இறந்தார். ஹாப்ஸ்பர்க் அரசுக்காகக் கோட்டையைக் காத்தவரை அதே அரசு சிறையில் வைத்தது.

1596இல் மூன்றாம் மெஹ்மெத் சுல்தான் தாமே படை நடத்தி வந்தார். சுலைமானுக்குப் பிறகு போர்க்களத்துக்கு நேரில் வந்த முதல் சுல்தான் அவர். இம்முறை கோட்டையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுக் கூலிப்படையினர். அக்டோபரில் சரணடைந்தார்கள். உயிருக்கு அளித்த உறுதி காக்கப்படவில்லை. வெளியே வந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். சில வாரங்களுக்கு முன் ஹத்வான் நகரில் ஹாப்ஸ்பர்க் படை செய்த படுகொலைக்கு அது பழிவாங்கல் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இஸ்தான்புல்லில் அந்தச் சுல்தானுக்கு எகெரை வென்றவர் என்ற பட்டம் நிலைத்தது. அதே ஆண்டில் மெசோகெரெஸ்தெஷ் சமரிலும் அவரே வென்றார். எகெர் 91 ஆண்டுகள் துருக்கிய மாகாணத் தலைநகராக இருந்தது.

அந்த 91 ஆண்டுகள் விட்டுச்சென்றவை இரண்டு. ஒன்று 1610களில் அர்னாவுத் பாஷா வெந்நீர் ஊற்றின்மேல் எழுப்பிய குளியல் மண்டபம். இன்றும் அங்கே நீராடலாம். மற்றொன்று 40 மீட்டர் உயரமுள்ள, பதினான்கு பக்கங்கள் கொண்ட மினாரா. உள்ளே 97 படிகள், தோள் அகலம்கூட இல்லாத சுழல் வழி. அதை ஒட்டியிருந்த பள்ளிவாசல் 1841இல் இடிக்கப்பட்டது. மினாராவைச் சாய்க்க நானூறு எருதுகளைப் பூட்டி இழுத்தும் அசையவில்லை என்று ஊரார் சொல்வார்கள். எருதுகளின் கணக்கை யாரும் பார்க்கவில்லை, ஆனால் மினாரா நிற்கிறது. ஹங்கேரியில் இன்று எஞ்சியிருக்கும் மூன்று மினாராக்களில் இதுவே வடகோடி.

1687 டிசம்பரில் பட்டினியால் வாடிய துருக்கியக் காவற்படை கோட்டையை ஒப்படைத்துவிட்டு வெளியேறியது. மதம் மாறித் தங்கிவிட்ட துருக்கியக் குடும்பங்களும் உண்டு. ஊர் பாழாகக் கிடந்தது. 1702இல் ஹாப்ஸ்பர்க் அரசே வெளிக்கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தது. கலகக்காரர் கையில் அது சிக்கிவிடுமோ என்ற அச்சம்தான் காரணம். துருக்கியப் பீரங்கி உடைக்க முடியாததை உடைமையாளரே உடைத்தார் என்பது எகெரின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த முரண்.

இனி ஆயர்களின் காலம். பதினெட்டாம் நூற்றாண்டில் வரிசையாக வந்த ஆயர்கள் வெறும் மண்மேட்டில் ஒரு பரோக் நகரத்தை வரைந்து எழுப்பினார்கள். துறவியருக்கு மாதாகோயில்கள், குருக்களுக்கு வரிசையான வீடுகள், மாவட்ட ஆட்சிக்கு மாளிகை. சதுக்கத்தில் இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும் மினோரைட் துறவியர் கோயில் 1773இல் முடிந்தது. மத்திய ஐரோப்பாவின் அழகான பரோக் கோயில்களில் அதையும் சேர்ப்பார்கள். அது மிகை என்று நான் சொல்லமாட்டேன்.

இவர்களில் பெரியவர் எஸ்தெர்ஹாசி காரோய். 1762 முதல் 1799இல் இறக்கும் வரை ஆயர். எகெரில் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்பது அவர் கனவு. மருத்துவப் பள்ளி ஏற்கெனவே 1769இல் மார்க்ஹோத் ஃபெரென்ஸ் என்ற மருத்துவரின் முயற்சியில் அங்கே தொடங்கியிருந்தது. ஹங்கேரியில் அதுதான் முதலாவது, ஆனால் சில ஆண்டுகளே நீடித்தது. மாபெரும் நாற்கட்டு மாளிகையைக் கட்டிமுடித்தும் வியன்னா அனுமதி தரவில்லை. பேரரசி மரியா தெரேசாவின் கல்விக் கொள்கையில் நாட்டுக்கு ஒரே பல்கலைக்கழகம், அதுவும் அரசின் பிடியில். ஆகவே கட்டடத்துக்கு லைசியம் என்ற பெயரே நின்றது.

அதன் நூலகக் கூடத்தின் விதானத்தைப் பார்க்க வேண்டும். யோஹான் லூக்காஸ் க்ராக்கர் தம் மருமகன் ஸாக்கோடு சேர்ந்து 1778இல் தீட்டியது. ஏறக்குறைய தட்டையான கூரை, கீழிருந்து பார்த்தால் உயர்ந்த கோத்திக் வளைவுகளாகத் தெரியும். சித்திரத்தின் பொருள் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து பொதுச்சங்கம். ஒரு மூலையில் தடைசெய்த நூல்களின்மேல் மின்னல் விழுகிறது. வாசிக்க வருகிறவர் தலைக்கு மேலேயே தணிக்கையைத் தீட்டிவைத்த நூலகம்! அதே ஆயர்தான் இந்த நூல்களை ஐரோப்பா முழுதும் தேடி வாங்கியவர். இரண்டும் ஒரே மனிதரின் மனத்தில் சண்டையில்லாமல் இருந்தன.

கோபுரம் 53 மீட்டர். அதில் விண்ணாய்வகம் அமைக்க ஆலோசனை சொன்னவர் வியன்னாவின் இயேசு சபை வானியலாளர் ஹெல் மிக்ஷா. கருவிகள் இங்கிலாந்திலிருந்து வந்தன. இதே ஹெல்தான் 1769 ஜூனில் நார்வேயின் வடகிழக்குக் கோடியிலுள்ள வார்டோவுக்குப் போய், வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்ததை அளந்தவர். அதே கடப்பைப் பார்க்கவே பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீல் புதுச்சேரியில் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார். குறித்த காலையில் மேகம் மூடிவிட்டது. வார்டோவில் வானம் திறந்தது. சூரியனின் தூரத்தைக் கணக்கிட உலகின் பல மூலைகளிலிருந்து ஒரே நாளில் நோக்கிய அந்த முயற்சியில் நம் கடற்கரையும் இருந்தது என்பதால் இதைச் சொல்கிறேன்.

லைசியத்தின் ஆய்வகத் தரையில் பதித்த நடுவரைக் கோட்டின்மேல் ஒரு துளை வழியே வரும் வெயில் விழும்போது உச்சிப்பொழுது. அதற்கும் மேலே இருட்டறை. உச்சியிலுள்ள கண்ணாடியும் வில்லைகளும் நகரத்தின் உயிருள்ள படத்தை வெள்ளை மேசைமேல் வீழ்த்துகின்றன. பேராலயம், கோட்டை, சதுக்கத்தில் நடக்கிற மனிதர் எல்லாம் உள்ளங்கை அளவில் அசையும். 1770களில் அமைத்த ஏற்பாடு இன்றும் வேலை செய்கிறது.

எதிரே நிற்கும் மஞ்சள் பேராலயம் பிற்காலத்தது. பேராயர் பிர்கர் யானோஷ் காலத்தில், ஹில்ட் யோஷெஃப் வரைந்து 1830களில் கட்டியது. பிர்கர் ஜெர்மன் மொழியில் காவியம் எழுதியவர். ஆனால் 1828இல் ஹங்கேரிய மொழியில் ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளியைத் தொடங்கியவரும் அவரே. ஆசிரியர் பயிற்சியில் எகெருக்கு இன்றும் பெயர் உண்டு.

ஆயர்கள் அழைத்து வந்த கைவினைஞர்களில் ஒருவர் வூர்ட்ஸ்பர்க் நகரத்துக் கொல்லர் ஹென்றிக் ஃபசோலா. மாவட்ட மாளிகையில் அவர் செய்த வாயில்களில் இரும்பு கொடியாய்ச் சுருண்டு திராட்சைக் குலையாய்த் தொங்குகிறது. பிறகு இரும்பைத் தேடிப் பியூக்க் காட்டுக்குள் போனார். 1770களில் அங்கே உலை அமைத்தார். பிற்காலத்துத் தியோஷ்கியோர் எஃகு ஆலைகளின் மூலம் அதுதான். கைப்பொருளெல்லாம் அதில் கரைந்தது. தொழில் மிஷ்கோல்ஸ் பக்கம் வளர்ந்தது. எகெருக்கு வாயில்கள் மிஞ்சின. முதன்மை ரயில்பாதையும் தெற்கே சமவெளி வழியாகப் போயிற்று. எகெருக்கு 1872இல் ஒரு கிளைப்பாதை கிடைத்தது. ஆலைப்புகை வராததால்தான் பரோக் தெருக்கள் பிழைத்தன என்று நினைக்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் கொடுமை இங்கும் வந்தது. 1944இல் ஊரின் யூதர்கள் அடைக்கப்பட்டு அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டனர். மது வணிகத்திலும் கடைத்தெருவிலும் இருந்த ஒரு சமூகம் சில வாரங்களில் இல்லாமல் போனது.

மதுவைப் பற்றி ஒரு சொல். 'காளை இரத்தம்' என்று பொருள்படும் பிகாவேர் என்ற சிவப்பு மது எகெரின் அடையாளம். முற்றுகையின்போது வீரர்கள் அதைக் குடித்துத் தாடி சிவக்க நின்றதாகவும், காளையின் இரத்தம் குடிக்கிறார்கள் என்று துருக்கியர் அஞ்சியதாகவும் வழங்கும் கதை விளம்பரத்துக்கு உகந்தது. அக்காலத்தில் இங்கே விளைந்தது பெரும்பாலும் வெள்ளை மது. கருந்திராட்சை வளர்ப்பைப் பரப்பியவர்கள் துருக்கியருக்கு அஞ்சித் தெற்கிலிருந்து வந்த செர்பியர். பிகாவேர் என்ற பெயரோ மிகப் பிற்பட்டது. ஃபிலாக்சரா பூச்சி 1880களில் தோட்டங்களை அழித்தது. சோஷலிச ஆட்சியில் அரசு ஆலை மலிவு மதுவை ஏற்றுமதி செய்து பெயரைக் கெடுத்தது. 1997இல் தர விதிகள் வந்தன. ஒரே திராட்சையில் பிகாவேர் செய்யக் கூடாது, பல வகைகளைக் கலக்க வேண்டும். செர்பியரும் ஜெர்மானியரும் துருக்கியரும் வந்து தங்கிய ஊருக்கு அந்த விதி பொருந்தும்.

வெந்நீர் ஊற்றுகள் நீச்சலையும் வளர்த்தன. 1907இல் இங்கே பிறந்த பாரான்யி இஷ்த்வான் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் வெள்ளி வென்றார். அவரை முந்தியவர் பின்னாளில் டார்ஜானாக நடித்த ஜானி வைஸ்முல்லர்.

கடைசியாக, 1552ஐ எல்லார் மனத்திலும் ஊன்றியவரைச் சொல்ல வேண்டும். தினோதி ஷெபெஷ்த்யேன் என்ற பாணர் முற்றுகை முடிந்த சூட்டோடு அதைப் பாடினார். ஆனால் இன்றைய நினைவு கார்தோன்யி கேசா தந்தது. 1897இல் தாயோடு எகெரில் குடியேறிய இவ்வெழுத்தாளர் வியன்னா ஆவணங்களைத் துருவினார், கான்ஸ்டான்டினோபிளுக்கும் போய் வந்தார். 'எகெரின் விண்மீன்கள்' நாவல் 1901இல் நூலாக வந்தது. போர்னெமிஸாவைத் தலைவனாக்கிய அந்தக் கதை பள்ளிப் பாடமானது. 2005இல் நாடு தழுவிய வாசகர் வாக்கெடுப்பில் ஹங்கேரியரின் மிக விருப்பமான நூலாகவும் வந்தது. 1922இல் இறந்த ஆசிரியரைக் கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

1968இல் அது வார்கோன்யி ஸோல்தான் இயக்கத்தில் திரைப்படமானபோது, 1702இன் வெடியில் பாதி போன கோட்டையில் அந்த முற்றுகையை நடத்திக்காட்ட வழியில்லை. புதாபெஸ்டுக்கு அருகே பிலிஷ்போரோஷ்யேனோ என்ற சிற்றூரின் மேட்டில் ஒரு மாதிரிக் கோட்டையைக் கட்டிப் படம் பிடித்தார்கள். படப்பிடிப்பு முடிந்த பின்னும் அதை இடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் அங்கே ஏறிப்போய், எகெர் கோட்டை என்றே சொல்லிப் படமெடுத்துக்கொள்கின்றன.